கீழே வைத்ததும் வளர்ந்த கல்

நாமக்கல் மலைக்கு அடிவாரம் கிடையாது. சேர்வராயன் மலையையோ கொல்லிமலையையோ நெருங்கும்போது நிலம் மெல்ல ஏறும், முட்காடு வரும், உருண்டு விழுந்த பாறைகள் வரும், அதற்குப் பிறகுதான் மலை. நாமக்கல்லில் கடைத்தெரு முடிகிற இடத்தில் கல் தொடங்கிவிடுகிறது. இருநூறு அடிக்கு மேல் உயரமுள்ள மொட்டைப் பாறை, சுற்றிலும் வீடுகள், பக்கத்திலேயே கமலாலயக் குளம். உச்சியில் கோட்டை. மேற்கு முகத்தில் நரசிம்மர் குடைவரை, கிழக்கு முகத்தில் அரங்கநாதர் குடைவரை. சமவெளி நடுவே ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் இப்படி ஒரு கல் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குத் தலபுராணம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. நிலவியல் வேறொன்றை வைத்திருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் மோதவில்லை என்பதும், வேறோர் இடத்தில் மோதுகின்றன என்பதும்தான் சுவாரசியம்.

புராணத்தின் பதில் ஊரறிந்தது. இமயத்துக் கண்டகி நதியிலிருந்து ஒரு சாளக்கிராமத்தை எடுத்துக்கொண்டு அனுமன் வான்வழியே வருகிறார். கமலாலயக் குளத்தைக் கண்டதும் நீராட இறங்குகிறார். அங்கே திருமகள் தவத்தில் இருக்கிறாள். கல்லை அவள் பொறுப்பில் விட்டுப் போகிறார். குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை, அவள் அதைத் தரையில் வைத்துவிடுகிறாள். வைத்த கல் வளர்ந்து மலையாகிறது. திரும்பி வந்தவர் தூக்கிப் பார்க்கிறார், அசையவில்லை. அந்தக் கல்லிலேயே நரசிம்மர் எழுந்தருள, எதிரே கைகூப்பி நின்றவர் நின்றபடியே இன்றும் நிற்கிறார். திருமகள் இங்கே நாமகிரித் தாயார். கணிதமேதை இராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம் இவள்தான்.

அனுமன் மலையைக் கொண்டுவந்த கதைகள் தமிழ் நிலத்தில் பல உண்டு. குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலை சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கடலோரம் நிற்கும் ருமஸ்ஸல குன்றுக்கும் அதே கதைதான். அங்கெல்லாம் மலை மலையாகவே வருகிறது. கை தவறிச் சிந்துகிறது. நாமக்கல் கதையில் வருவது உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல். பெரிதானது இங்கே வந்த பிறகு. வளர்ச்சி என்ற இந்தச் செய்தி கதையின் ஓரத்தில் இருப்பதாகத்தான் முதலில் தோன்றும். அதுதான் மையம் என்பது என் கணிப்பு. பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு மேற்கூரை இல்லாததற்கும் ஊர் இதே காரணத்தைத்தான் சொல்கிறது: அவர் வளர்ந்துகொண்டே இருக்கிறாராம், கூரை போட்டால் தாங்காதாம். மலை உருவில் நிற்கும் தலைவனுக்கே கூரை இல்லாதபோது தொண்டனுக்கு எதற்கு என்று மரியாதையோடு சொல்பவர்களும் உண்டு.

முதலில் அந்தக் கூழாங்கல்லைப் பார்க்கலாம். நேபாளத்தில் முக்திநாத்துக்கு அருகே காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைப்பவை சாளக்கிராமங்கள். கறுத்த உருண்டைக் கல். உடைந்த வாயில் சக்கரம் சக்கரமாகச் சுருள் தெரியும். அது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. ஜுராசிக் காலத்தில், சுமார் 15, 16 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கிடந்த டெதிஸ் கடலின் சேற்றில் புதைந்தவை இவை. பிறகு இந்தியத் தட்டு வடக்கே போய் முட்டியதில் கடல் மூடிக்கொண்டது, கடலடிச் சேறு இமயமாக மடிந்து எழுந்தது. ஆக, கடல்வாழ் உயிர் ஒன்றின் கல்லறையைத்தான் நாம் பூசைப்பெட்டியில் வைத்துப் பால் அபிஷேகம் செய்கிறோம். கடலிலிருந்து ஐந்நூறு அடி உயரத்துக்கும் மேலே, கரையே கண்ணில் படாத நாமக்கல்லுக்குக் கடலை இழுத்து வருகிறது அந்தக் கதை.

நாமக்கல் பாறையில் எந்த ஓடும் கிடைக்காது. கிடைக்க வழியே இல்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் அடிப்பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதானவை. ஓடுள்ள உயிர்கள் தோன்றவே அப்போது இன்னும் 190 கோடி ஆண்டுக்கு மேல் பாக்கி. சாளக்கிராமம் வளர்ந்து நாமக்கல் மலையானது என்ற கூற்றில் வயது தலைகீழாக இருக்கிறது: பேரனின் பேரன் பாட்டனைப் பெற்ற கணக்கு.

இந்தப் பாறைகளை நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வட்டாரமெங்கும் இரண்டு வகை மாறி மாறி வருகின்றன: கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை பட்டையாய் ஓடும் நைஸ், புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு நீலமும் பச்சையும் கலந்த கருமை காட்டும் சார்னோகைட். இரண்டாவதின் பெயருக்குப் பின்னே ஒரு சமாதி இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல், சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. அதே பாறையைப் பல்லாவரத்தில் ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தச் சமாதிக்காரரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கொல்லிமலையும் சேர்வராயனும் பெரும்பாலும் இதே பாறை. கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்டு ஒருவரின் பெயரை வல்வில் ஓரியின் மலை சுமந்துகொண்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் புன்னகையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

சார்னோகைட் தரைமட்டத்தில் உருவாகும் பாறை அல்ல. அதிலுள்ள தாதுக்கள் அந்தச் சேர்க்கையில் அமைய வேண்டுமானால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தமும் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடும் வேண்டும். அப்படியென்றால் இன்று நாமக்கல்லில் நாம் மிதிப்பது, ஒரு காலத்தில் இருந்த பெரும் மலைத்தொடர்களின் அடிவயிறு. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து, மண்ணாகி, ஆற்றோடு போய்விட்டது. கல் தூரத்திலிருந்துதான் வந்தது. வடக்கிலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது.

ஆனால் இது சமவெளிக்கும் பொருந்தும், மலைக்கும் பொருந்தும். பஸ் நிலையத்துக்கு அடியிலும் இதே வயதுப் பாறைதானே இருக்கிறது? ஒரு கல் மட்டும் ஏன் நிமிர்ந்து நிற்க வேண்டும்?

இதற்கு விடை வேண்டுமானால் மலையிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு போர்வெல் வண்டியைப் பார்க்க வேண்டும். இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் தலைநகரம் இங்கே பக்கத்திலிருக்கும் திருச்செங்கோடு. ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ நடு ராத்திரியில் உறுமிக்கொண்டிருக்கும் வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோட்டுப் பெயர் எழுதியிருப்பது சாதாரணம். துளை தொடங்கியதும் முதலில் செம்மண் புழுதி வரும். பிறகு சரளை. பிறகு கையால் நொறுக்கினால் உதிர்கிற, பாறையின் கோடுகள் அப்படியே இருந்தும் பாறையின் உறுதி போய்விட்ட மக்கிய கல். அதுவரை பக்கச்சுவர் சரியும் என்பதால் காசிங் பைப் இறக்குவார்கள். ஓரிடத்தில் எந்திரத்தின் சத்தம் மாறும், தூள் நிறம் மாறி மாவாக எழும். கெட்டிப் பாறை வந்துவிட்டது. காசிங் அதோடு நிற்கும். ஒரு காட்டில் அது இருபது அடியில் நிற்கும், அடுத்த காட்டில் எழுபது அடியானாலும் நிற்காது. பைப்புக்குக் காசு கொடுக்கிற விவசாயிக்கு இந்த வித்தியாசம் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

காசிங் நிற்கும் அந்த மட்டத்தைத்தான் ஜெர்மானியப் புவியியலாளர் யூலியஸ் ப்யூடல் தம் கோட்பாட்டின் அச்சாக வைத்தார். வெப்பநிலங்களில் சமவெளி என்பது ஒரே பரப்பு இல்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பரப்புகள் என்று 1957-ல் எழுதியவர் அவர். மேலே மழை வழித்துச் செல்லும் மண்பரப்பு. கீழே ஈரம் பாறையை அரித்து மக்கச் செய்யும் பரப்பு. இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. அந்தக் கோட்பாட்டுக்கு அவர் பின்னர் எடுத்துக்கொண்ட முக்கியமான களங்களில் ஒன்று தமிழ்நாட்டுச் சமவெளி.

மண்ணுக்குள் இறங்கும் நீர் விரிசல் உள்ள இடத்தில்தான் வேலை செய்யும். விரிசல் நெருக்கமாக உள்ள பாறை சீக்கிரம் மக்கி ஆழமாகும். விரிசல் இல்லாத கட்டி அப்படியே நிற்கும். மேல்மண் வழிந்து போகப் போக ஒருநாள் அந்தக் கட்டியின் தலை வெளியே தெரியும். தெரிந்த பிறகு அதற்கு யோகம்தான்: மொட்டைப் பாறையில் பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும், மக்க வைக்கும் ஈரம் தங்காது. அந்தத் தண்ணீர் முழுவதும் பாறையின் காலடியில் போய்ச் சேர்ந்து அங்குள்ள கல்லை இன்னும் வேகமாக மக்கச் செய்யும். உச்சி காய்கிறது, காலடி கரைகிறது. அடிவாரம் இல்லாமல் செங்குத்தாகத் தரையிலிருந்து எழும் உருவம் இப்படித்தான் அமைகிறது. உலகமெங்கும் இத்தகைய மொட்டைக் குன்றுகளுக்கு நிலவியலாளர்கள் போர்ன்ஹார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்காப்பிரிக்காவில் இவற்றை விவரித்த ஜெர்மானியர் ஒருவரின் பெயர் அது.

இந்தத் தேய்மானத்தை இப்போது அளக்கவும் முடிகிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பாறைமேல் பட்டு, குவார்ட்ஸ் மணிகளுக்குள் பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்குகின்றன. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் அந்த முகம் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்துக் குன்றுகளில் சில உச்சிகள் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூடத் தேயவில்லை. நாமக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளி மலையுச்சியைவிடப் பத்து லட்சம் ஆண்டுக்கு ஐந்து மீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இன்றைய உயரம் சேர ஒன்றரைக் கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 250 கோடி வயதுள்ள கல்லுக்கு அது நேற்றைய சமாச்சாரம்.

கல் வளர்ந்தது என்று கதை சொன்னது இதைத்தானா? அப்படிச் சொல்லிவிட ஆசையாக இருக்கும், சொல்லக் கூடாது. நம் முன்னோர்க்கு அரிமானக் கோட்பாடு தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் கதையையும் கெடுக்கிறார்கள், நிலவியலையும் கெடுக்கிறார்கள். கதை கட்டியவர்களிடம் இருந்தது கூர்மையான கண். இந்தக் கல் சுற்றியுள்ள நிலத்தோடு சேரவில்லை, சரிவில்லாமல் திடீரென்று எழுகிறது, சமவெளிதான் இங்கே இயல்பு, கல் விதிவிலக்கு: இவ்வளவையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ப்யூடல் விளக்க முயன்றதும் இதே முரண்பாட்டைத்தான். கல் வேற்றூரிலிருந்து வந்தது என்ற பகுதிதான் கேட்பதற்கு நம்பத் தகுந்ததாக இருக்கும், அது தவறு. கீழே வைத்ததும் வளர்ந்தது என்ற பகுதி சிறுபிள்ளைக் கதையாகத் தோன்றும். ஆனால் சமவெளியை மறந்துவிட்டு மலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் ஒன்றரைக் கோடி ஆண்டு உட்கார்ந்திருந்தால், அவர் கண்ணுக்கு அது வளர்ந்ததாகத்தான் தெரியும்.

விரிசல் இல்லாத கட்டி என்று சொன்னேன். அதற்குச் சாட்சி வேண்டுமானால் குடைவரைகளுக்குள் போய்ச் சுவரைப் பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி அதியர் குலத்துக் குணசீலன் காலத்தில் வெட்டப்பட்டவை இவை. அரங்கநாதர் குடைவரையை அங்குள்ள கல்வெட்டு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்கிறது. மேற்குக் குடைவரையில் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், உலகளந்தவர், வராகர் எல்லாம் ஆளுயரப் புடைப்புச் சிற்பங்கள். தூக்கிய காலும் நீட்டிய கையும் கல்லிலிருந்து விலகி நிற்கிற இத்தகைய வேலையில், குறுக்கே ஒரு மயிரிழை ஓடினாலும் போயிற்று. உளியால் தட்டி, மணிபோல ஒலிப்பதா, மழுங்குவதா என்று கேட்டுக் கல்லைத் தேர்கிற மரபு சிற்பிகளுடையது. நீர் புகாத பாறை மலையாக மிஞ்சியது. அதே குணம் கண்டு சிற்பி அங்கே உளியை வைத்தான். கோயில் ஏன் இங்கே என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

திருச்செங்கோட்டின் கதை வேறு தினுசு. அங்கே ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் பலப்பரீட்சை. சேடன் மேருவைப் படத்தால் இறுக்கிக்கொள்ள, காற்று பிய்த்தெறிந்ததில் மூன்று துண்டுகள் குருதியோடு சிதறுகின்றன: ஒன்று திருவண்ணாமலை, ஒன்று இலங்கை, ஒன்று இங்கே. குருதி பட்டதால் மலை சிவந்தது. ஆயிரத்து இருநூறு படிக்கு மேல் ஏறவேண்டிய வழியில் பாறையோடு பாறையாக அறுபதடி நீளத்துக்கு ஐந்துதலைப் பாம்பு செதுக்கியிருக்கிறது. மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பிப் படத்தின் கல்நிறமே மறைந்துவிட்டது. வழக்கு வியாஜ்ஜியம் என்று வந்தால் அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். பொய் சொன்னவன் இறங்கமாட்டான் என்பார்கள்.

இதே சண்டையைத் திருமலையும் தன் கதையாகச் சொல்கிறது. திருக்கோணமலையின் புராணம் சிதறிய துண்டுகளில் காளத்தியையும் திருச்சிராப்பள்ளியையும் சேர்க்கிறது, திருச்செங்கோட்டை விட்டுவிடுகிறது. அச்சு ஒன்று, பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். தன் மலையை மேருவின் வாரிசாக்க ஒவ்வொரு தலமும் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறது. கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் கோணேசர் பாறையும், கடலே காணாத செங்கோடும் உடன்பிறப்பானது இப்படித்தான்.

நிலவியல் இங்கே புராணத்துக்கு ஓரளவு விட்டுக்கொடுக்கிறது. சங்ககிரி, திருச்செங்கோடு கிரானைட் சுற்றியுள்ள 250 கோடி ஆண்டுப் பாறைகளைக் கிழித்துக்கொண்டு உருகுநிலையில் மேலேறி உறைந்தது. வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. நாமக்கல்லின் அடிப்பாறைக்கு இதோடு ஒப்பிட முடியாத மூப்பு. ஆக இது உண்மையிலேயே விருந்தாளி. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்காப்பிரிக்கா எல்லாம் இடித்து ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான கொந்தளிப்பின் காலம் அது. இலங்கையின் உயர்நிலப் பாறைகளும் அந்தக் கொந்தளிப்பில்தான் வெந்தன. செம்மைக்குக் காரணம் பொட்டாசியம் கலந்த ஃபெல்ஸ்பாரும், வெயிலிலும் மழையிலும் கசிந்து படியும் இரும்புக் கறையும். பக்கத்துச் சங்ககிரிக்கும் ஏறக்குறைய இதே கல்தான். ஆனால் அங்கே பறந்து வந்த கதை அவ்வளவாக எடுபடவில்லை. 1805-ல் தீரன் சின்னமலையைக் கம்பெனியார் தூக்கிலிட்ட கோட்டை அது. வரலாறு அவ்வளவு அழுத்தமாகக் குந்தியிருக்கும் மலையில் புராணத்துக்கு இடம் குறைவு.

சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலையின் காலடியில், வெள்ளைக்கல் வெட்டும் கரடுகள். பிரிட்டிஷார் இவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்றார்கள். சுண்ணாம்பு கிடையாது, மக்னசைட். இராவணன் வெட்டி வீழ்த்திய சடாயுவின் எலும்புகள் இவை என்பது பழங்கதை. வெட்டிய முகத்தைப் பார்த்தவர் எவரும் கதையைக் குறை சொல்லமாட்டார். பச்சை கலந்த பழுப்புப் பாறை. அதைத் துளைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நரம்புகள், சில விரலளவு, சில இடுப்பளவு. உடைத்தால் பீங்கான் போலச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். படிக மினுமினுப்பு ஒன்றும் இருக்காது, மங்கிய எலும்பு வெள்ளை.

1896-ல் நிலவியலாளர் மிடில்மிஸ் இதை ஆராய்ந்து எழுதியதன் சாரம் இன்றும் நிற்கிறது. பூமியின் மூடகத்திலிருந்து வந்த, ஒலிவின் தாது நிறைந்த டியூனைட்தான் தாய்ப்பாறை. கரியமில வாயு கலந்த நீர் விரிசல்களில் புகுந்து ஒலிவினைச் சிதைத்தது. அதிலிருந்த மக்னீசியம் கார்பனேட்டாகி விரிசலை நிரப்பியது, மிஞ்சிய சிலிக்கா கால்சிடனியாகப் பக்கத்தில் படிந்தது. உருக்காலை உலைகளின் உள்சுவருக்கான செங்கல் இந்த எலும்பிலிருந்து போனது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கல்லாக மாற்றிப் பூட்டிவைக்க ஓமானில் இதே வகைப் பாறையில் சோதனை நடக்கிறது. சேலத்தில் அந்த வேலையை இயற்கை யாரும் கேட்காமலே முடித்துவைத்திருக்கிறது. நாம் அந்தக் கல்லைச் சூளையில் சுட்டு, வாயுவைத் திரும்ப வெளியே விட்டோம்.

இந்த மலைகளையெல்லாம் முதலில் முறையாக வரைபடமாக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் எழுதிய சேலம், திருச்சி வட்டார நிலவியல் நூல் 1864-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்திருந்தார். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே குடியேறினார்.

பெருங்கதை ஒட்டாத கல்லும் இங்கே உண்டு. நாமக்கல்லுக்குத் தெற்கே சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் காட்டிலும் வரப்பிலும் வெளிறிய வெள்ளைப் பாறை தலைநீட்டுகிறது. மலை என்று சொல்லும்படி உயரமில்லை. குடையவில்லை, கோட்டை கட்டவில்லை. அனார்த்தோசைட் என்பது அதன் பெயர். 1969-ல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் வெள்ளைத் துணுக்குகளாகக் கிடைத்ததும், நிலவின் மேட்டுநிலங்கள் முழுவதும் இருப்பதாகப் பின்னர் தெரிந்ததும் இந்த வகைப் பாறைதான். சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டது. பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் காட்டிய இந்தக் கிராமங்களிலிருந்து கல் எடுத்து, அரைத்து, சலித்து, பெங்களூரில் கொட்டிப் பரப்பினார்கள். அந்தச் செயற்கை மண்ணுக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கிய சந்திரயான்-3 ஊர்தி நூறு மீட்டர் தூரம் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அங்கிருந்ததும் அனார்த்தோசைட் மண்தான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிலவின் அனார்த்தோசைட், உருகிக் கிடந்த பெருங்கடலின் மேல் ஆடைபோல மிதந்து உறைந்தது. 440 கோடி ஆண்டுப் பழசு. சித்தம்பூண்டிக் கல் நிலத்தடி உருகுபாறைத் தேக்கம் ஒன்றில் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு ஆழத்தில் வெந்தது. அதில் ஹார்ன்பிளெண்ட் தாது இருக்கிறது. அந்தத் தாது அமைய நீர் வேண்டும். நிலவின் கல்லில் அது இல்லை.